உடல் கொழுப்பை அளக்க எது வாங்கலாம்? கால் தட்டு, கைப்பிடி மெஷின், பெரிய மெஷின், இஞ்ச் டேப்

ஏறி நின்று அளக்கும் கண்ணாடித் தட்டு ஒன்று ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜிம்முக்கு விற்க வருகிறவர் நாலு லட்சம் சொல்கிறார். இரண்டும் ‘கொழுப்பு 27.4%’ என்று புள்ளி வைத்துத்தான் காட்டுகின்றன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவரும், தருமபுரியில் சின்ன ஜிம் நடத்துகிறவரும், கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி அறை வைத்திருப்பவரும் கேட்பது ஒரே கேள்விதான். ஆனால் மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில், மெஷின் எதை அளக்கிறது?

இந்த மெஷின் எதுவும் கொழுப்பை அளப்பதில்லை. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மாறுமின்சாரத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், உடம்புக்குள் அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கின்றன. தசையில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் எளிதில் போகும், கொழுப்பில் போகாது. உயரத்தின் வர்க்கத்தை இந்தத் தடையால் வகுத்தால் உடம்பின் நீர் அளவுக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். கொழுப்பில்லாத உடம்பில் ஏறத்தாழ 73% நீர் என்று வைத்துக்கொண்டு, மீதி எல்லாம் கொழுப்பு என்று கழித்துச் சொல்கிறது. நடுவில் வயது, பால், எடை எல்லாம் சூத்திரத்தில் நுழைகின்றன.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, உயரத்தைத் தப்பாகப் பதிந்தால் எல்லாமே தப்பு. 165 செ.மீ. ஆளை 167 என்று பதிந்தால் உயர வர்க்கம் 2.4% கூடிவிடும், தசை கூடுதலாகவும் கொழுப்பு குறைவாகவும் தெரியும். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிறுத்தி ஒருமுறை சரியாக அளந்து பதியுங்கள். முதுகு வளைந்துபோன பெரியவர்களுக்கு உயரமே நம்பமுடியாத எண். அவர்களுடைய அறிக்கையைப் பழைய அறிக்கையோடு மட்டும் ஒப்பிடலாம், பொது அளவு அட்டவணையோடு வேண்டாம்.

இரண்டு, சூத்திரம் யாரை வைத்து எழுதப்பட்டது என்பது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் ஒன்றாக நிற்கும் படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம் ஊரில் சாதாரணம். வேறு நாட்டவரை வைத்து எழுதிய சூத்திரம் இதைத் தவறவிடலாம். மெஷினில் ‘ஆசியர்’ என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் வரும் சதவீதத்தை ஒரு குறியீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, இந்த எண்ணை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. சாப்பாட்டை மாற்றவா, ஜிம் உறுப்பினருக்குக் காகிதம் கொடுக்கவா, நோயாளியின் தசை கரைவதைக் கவனிக்கவா? அடுத்தது, ஒரே ஆள் பத்து நிமிடத்தில் மூன்று தடவை ஏறினால் ஒரே எண் வருகிறதா. மூன்றாவது, உங்கள் காலும் கையும் மின்முனையோடு (மின்சாரம் உடம்புக்குள் நுழையும் தகடு) ஒழுங்காக ஒட்டுகிறதா; பித்தவெடிப்பு உள்ள காலுக்கு இது பெரிய கேள்வி. நான்காவது, பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில். இதற்கப்புறம் விலை.

இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ வைத்திருப்பவர்கள் இந்த மெஷின் எதிலும் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைப்பதில்லை. கால் வீக்கம், வயிற்றில் நீர், டயாலிசிஸ் உள்ளவர்களுக்கு 73% என்ற கணக்கே உடைந்துவிடுகிறது. எண் வரும், அர்த்தம் இருக்காது. எலும்பில் பிளேட், ராடு வைத்தவர்கள் தங்கள் பழைய அளவோடு மட்டும் ஒப்பிடலாம்.

| | கால் தட்டு | கைப்பிடியுள்ள எட்டு மின்முனை | கிளினிக் பெரிய மெஷின் | டேப், காலிப்பர் (தோல்மடிப்பை அளக்கும் கவ்வி) |
|---|---|---|---|---|
| தோராய விலை | ரூ.1,000–3,000 | ரூ.8,000–20,000 | சில லட்சங்கள் | ரூ.50 முதல் 1,000 வரை |
| மின்சாரம் போகும் வழி | கால், இடுப்பு, கால் | கை, உடல், கால் | ஒவ்வொரு பகுதியும் தனித்தனி | இல்லை |
| மறைவான செலவு | ஆப் நின்றுபோவது | கைப்பிடி கேபிள் | பராமரிப்பு ஒப்பந்தம், காகிதம், யு.பி.எஸ். | அளக்கிறவரின் பயிற்சி |
| பொருந்துவது | வீட்டில் போக்கு பார்க்க | தொப்பை உள்ளவர்கள், சின்ன ஜிம் | மாதம் நிறையப் பேரை அளக்கும் இடம் | எல்லோருக்கும், கூடவே |

கால் தட்டு

மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. வயிற்றுக்கு மேலே அது போவதே இல்லை. தொப்பையில் இருப்பதை மெஷின் எடையையும் வயதையும் வைத்து ஊகிக்கிறது. ஆகவே கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்புக்கு இது கொஞ்சம் தாராளமாக நல்ல பேர் கொடுக்கும். தொடை இரண்டும் உரசினால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். அப்போது தொடைகளுக்கு நடுவில் காய்ந்த பருத்தித் துணி வைத்தால் போதும்.

இதன் பெரிய எதிரி குதிகால். வெறுங்காலோடு வயலில் நின்ற கால், வெடித்துக் காய்ந்த தோல், மேலே தேங்காய் எண்ணெய். இவை எல்லாம் மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே சுவர். திரையில் பிழைக் குறி வரும். அல்லது, இன்னும் மோசமாக, ஏதோ ஒரு எண் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் போன பிறகு, பாதத்தை ஈரத் துணியால் ஒத்திவிட்டு ஏறுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம். நீர் வழிந்து இரண்டு மின்முனைகளைச் சேர்த்துவிடும். மெட்டி உலோகத் தகட்டில் படாமல் இருக்கட்டும். கழற்ற முடிந்தால் கொலுசையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றிவிடுங்கள், முடியாதென்றால் ஒவ்வொரு தடவையும் போட்டபடியே அளந்து அதையே வழக்கமாக்குங்கள். ஒரு வாரம் கழற்றி, ஒரு வாரம் போட்டு அளப்பதுதான் தொந்தரவு.

தரை முக்கியம். அடியில் நான்கு மூலையிலும் எடை உணரிகள் இருக்கின்றன. ஒன்று தூக்கி நின்றாலும் எடை மாறும். பாய், கார்பெட், மேடு பள்ளமான சிமென்ட் தரை ஆகாது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. மீந்த பாலிஷ் கிரானைட் பலகை ஒன்று எங்கும் கிடைக்கும். அதை மட்டம் பார்த்துப் போட்டு, அதன்மேல் நிரந்தரமாக வைத்துவிடலாம். இடம் மாற்றினால் ஒருமுறை ஏறி இறங்கி, பூஜ்யம் வந்த பிறகு அளக்கவும். சுவரில் சாய்த்து நிறுத்துவதும், மேலே அரிசிப் பை வைப்பதும் உணரிகளைக் கெடுக்கும்.

மறைவான செலவு ஆப்தான். பல தட்டுகள் தங்கள் திரையில் எடையை மட்டும் காட்டும். கொழுப்புக் கணக்கு போனில் நடக்கிறது. கம்பெனி ஆப்பை நிறுத்தினால் உங்கள் கையில் இருப்பது வெறும் எடை மெஷின். கொழுப்பைத் தானே திரையில் காட்டும் தட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம். குடும்பத்தில் எடை நெருக்கமான இருவர் இருந்தால், ஆப் அண்ணன் அளவைத் தம்பி கணக்கில் எழுதும். வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்துத் திருத்துங்கள்.

சர்க்கரை, எடைக் குறைப்பு என்று வீட்டில் ஒருவர் இருவர் மாதப் போக்கைப் பார்க்க இது போதும். இதற்கு மேல் வாங்காதீர்கள்.

கைப்பிடியுள்ள எட்டு மின்முனை மெஷின்

காலுக்கு நான்கு, கைக்கு நான்கு. கை வழியாக மின்சாரம் வருவதால் மார்பும் வயிறும் பாதையில் சேர்கின்றன. ஆனால் உடற்பகுதி நம் எடையில் ஏறத்தாழப் பாதி. முழு உடம்பின் மின்தடையிலோ அதன் பங்கு பத்தில் ஒன்றுதான். தடித்த தூண் எளிதில் மின்சாரம் கடத்தும், ஒல்லியான கை கால்கள்தான் தடையைத் தீர்மானிக்கின்றன. எனவே ‘வயிற்றுக் கொழுப்பு’ என்று தனியாகக் காட்டும் எண்ணும் அளவும் ஊகமும் கலந்ததே. எலும்பு எடை, ‘உடம்பின் வயது’ போன்றவை அதைவிட ஒரு படி கீழே. அவற்றைப் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

பிடிக்கும் விதம் தப்பினால் வாங்கிய காசு வீண். கட்டைவிரல் ஒரு தகட்டிலும் உள்ளங்கை மற்றதிலும் முழுசாகப் படவேண்டும். கை நேராக நீண்டிருக்க வேண்டும், அக்குளில் உடம்பு தொடக்கூடாது. பனியனில்லாத வெற்றுடம்போடு கையை ஒட்டி வைத்தால் மின்சாரம் தோளுக்குப் போகாமல் விலாவிலேயே தாவிவிடும். ‘விளையாட்டு வீரர்’ தேர்வு இருந்தால் அதைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கடும் பயிற்சியும், ஓய்வில் நாடித்துடிப்பு 60 அல்லது அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கானது அது. செங்கல் சூளையில் உழைப்பவர் வீரர்தான். ஆனால் மெஷினின் கணக்கில் அந்தப் பொருளில் அல்ல. தேர்வை மாற்றினாலே கொழுப்பு பல புள்ளிகள் குறைந்து தெரியும், இதை வைத்து உறுப்பினரைச் சந்தோஷப்படுத்தும் ஜிம்களும் உண்டு.

பழுதாவது பெரும்பாலும் கேபிள், கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில். கேபிளை இழுத்துவிட்டுச் சட்டென்று விடாமல், கையோடு கூட்டிப்போய் உள்ளே விடுங்கள். வியர்வை உப்பு தகட்டில் படிந்தால் கறுக்கும். அளந்த ஒவ்வொருவருக்குப் பின்னும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். வாங்குமுன் கேபிள் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மெஷினின் ஆயுள் அந்தக் கேபிளின் ஆயுள்தான்.

முப்பது நாற்பது உறுப்பினர் உள்ள ஜிம்முக்கும், வயிறு முன்தள்ளிய உடல்வாகுக்கும் எங்கள் கையிலிருக்கும் பணத்தை இதில்தான் போடுவோம்.

கிளினிக் பெரிய மெஷின்

பல அலைவரிசைகளில் மின்சாரம் அனுப்பி, ஐந்து பகுதிகளை (இரு கை, இரு கால், உடற்பகுதி) தனித்தனியே அளக்கிறது. கீழ் அலைவரிசை செல்லுக்கு வெளியே உள்ள நீரோடு நின்றுவிடும். மேல் அலைவரிசை செல் சுவரையும் கடந்து போகும். அதனால் உள்நீர், வெளிநீர் பிரித்துச் சொல்ல முடிகிறது. முதியவர்களின் தசைக் குறைவைப் பார்க்க இது உதவும்: கை கால் தசை எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்து, ஆணுக்கு 7.0க்கும் பெண்ணுக்கு 5.7க்கும் கீழே வந்தால் குறைவு என்று 2019இன் ஆசிய வழிகாட்டி, இந்த வகை மின்தடை மெஷினுக்கென்றே எல்லை சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். நாலு லட்ச ரூபாய் மெஷின், ஐந்து வருடம். மாதம் 60 பேர் என்றால் 3,600 அளவு; மெஷின் விலை மட்டும் ஓர் அளவுக்கு 111 ரூபாய். மாதம் 10 பேர் என்றால் 667 ரூபாய். அதோடு அச்சுக் காகிதம், யு.பி.எஸ்., பராமரிப்பு ஒப்பந்தம். ‘என்ஜினியர் வருவார்’ என்று வாயால் சொல்வது போதாது. பெங்களூரிலிருந்தா, சேலத்திலிருந்தா, எத்தனை நாளில், பயணச் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் வரக் கூடுதல் பணம் கேட்பார்களா என்பதையும் சேர்த்து.

மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் நல்ல எர்த் இல்லாமல் இதை வைக்காதீர்கள். கூட வந்த அடாப்டர் மனித உடம்போடு தொடர்பில் இருக்கும் கருவிக்கென்று தனிப் பாதுகாப்போடு செய்தது. கெட்டால் லேப்டாப் அடாப்டரைச் சொருகி ஓட்டக்கூடாது. அளவு கெடுவதோடு, ஆளுக்கும் ஆபத்து. ஏ.சி. இல்லாத அறையில் காற்றோட்டத் துளை வழியாக எறும்பும் பல்லியும் உள்ளே போய்ச் சர்க்யூட் போர்டைக் கெடுப்பது அடிக்கடி நடக்கும். இரவில் துணி உறை போட்டு மூடுங்கள், காலையில் எடுத்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை எடை சரிபார்க்கவும். மண்டிக்கடையில் முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் கேட்டால் கொடுப்பார்கள். தட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு நான்கு மூலையிலும். ஒரு மூலையில் மட்டும் விலகினால் அந்த உணரியோ அந்தக் காலோ கெட்டிருக்கிறது. எடை தப்பினால் கொழுப்புக் கிலோ தானாகத் தப்பும்.

படுத்த படுக்கையில் உள்ளவர்களுக்கு நிற்கும் மெஷின் எதுவும் உதவாது. அவர்களுக்கு ஒட்டும் ஜெல் மின்முனையும் வயரும் உள்ள வகை இருக்கிறது. வலது மணிக்கட்டிலும் நடுவிரல் முட்டிக்குப் பின்னாலும் இரண்டு, வலது கணுக்காலிலும் பாதத்தின் முன்பக்கத்திலும் இரண்டு. ஒட்டுகிற இரண்டுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி. கை உடம்பிலிருந்து 30 டிகிரி, கால்களுக்கு நடுவே 45 டிகிரி விலகி இருக்கட்டும். ஜெல் காய்ந்தால் எண் தாறுமாறாகும். கோடையில் பாக்கெட்டைப் பிரித்து அலமாரியில் போட்டுவைத்தால் ஒரு வாரத்தில் வீணாகும். நான்கு மின்முனை ஒரு ஆளுக்கு ஒருமுறைதான். அதுவும் செலவுக் கணக்கில் வரும்.

மாதம் ஐம்பது பேருக்குக் குறைவாக அளக்கிறவர்கள் வாங்காமல், ஓசூரிலோ பெங்களூரிலோ ஓர் அளவுக்குக் காசு கொடுத்து எடுப்பதே லாபம். அதற்கும் நிபந்தனை உண்டு: எப்போதும் ஒரே இடம், ஒரே மெஷின்.

இஞ்ச் டேப்பும் காலிப்பரும்

ஐம்பது ரூபாய் டேப்பை யாரும் மதிப்பதில்லை. இடுப்புச் சுற்றளவின் மேல் எல்லையை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று இந்தியர்களுக்குத் தனியாக வைத்திருக்கிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு உச்சிக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நொடியில், தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். தொப்புளில் அல்ல, வேட்டி கட்டும் இடத்திலும் அல்ல. முதியவர்களின் கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு. பெரிய மெஷின் தேவையா என்று இதிலேயே பாதி முடிவாகிவிடும். டேப் துணியாக இருந்தால் நீளும். வருடம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து மாற்றுங்கள்.

காலிப்பரால் தோல்மடிப்பை அளப்பது தண்ணீரையும் உப்பையும் பொருட்படுத்தாது. ஆனால் கை பழக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, ஒரு செ.மீ. தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு வினாடியில் படிக்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு நசுங்கி எண் இறங்கும். அளக்கிறவர் மாறினால் கதையும் மாறும்.

எந்த மெஷினானாலும் அளக்கும் நேரம்

காலை எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல். இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்குத் தூங்கி எழுந்த நேரம்தான் காலை. முந்தைய எட்டு மணி நேரத்தில் உடற்பயிற்சியும் மதுவும் கூடாது. எழுந்தவுடன் படுக்கையிலிருந்து நேராக ஏறாமல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஏறுங்கள்; படுத்திருந்த நீர் காலுக்கு இறங்கட்டும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? 70 கிலோ ஆள், 25% கொழுப்பு என்றால் 17.5 கிலோ கொழுப்பு. களி தின்று ஒரு லிட்டர் மோர் குடித்து உடனே ஏறுகிறார். அந்த ஒரு கிலோ வயிற்றில்தான் இருக்கிறது, மின்தடை ஏறக்குறைய மாறவில்லை. எனவே மெஷின் அதில் பெரும்பகுதியைக் கொழுப்பில் எழுதுகிறது: முழுசாக எழுதினால் 71இல் 18.5, அதாவது 26.1%. மோர்தான் அது. மறுபக்கம், ட்ரெட்மில்லில் ஓடிவிட்டு வியர்வையோடு ஏறினால் தோல் சூடாகி, ரத்தம் மேலே வந்து தடை குறைகிறது. கொழுப்பு குறைந்ததாகத் தெரிகிறது. பயிற்சி முடிந்ததும் அளந்து காட்டும் ஜிம்மின் காகிதத்தை நம்பாதீர்கள். டிசம்பரில் தேன்கனிக்கோட்டைக் குளிரில் கை கால் விறைத்திருந்தால் இதற்கு நேர்மாறு. பதினைந்து நிமிடம் அறைக்குள் உட்கார்ந்துவிட்டு அளக்கவும். மாதவிடாய் நாட்களில் நீர் சேரும், பெண்கள் சுழற்சியின் ஒரே நாளில் அளப்பது நல்லது.

ஒருநாளின் எண் ஒன்றிரண்டு புள்ளி ஆடும். வாரம் மூன்று காலை அளந்து சராசரி எழுதி, ஆறு வாரத்துச் சராசரிகளை அடுக்கிப் பாருங்கள்.

துடைப்பது, பேட்டரி

ஸ்டீல் தகட்டை 70% ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம்; நேராகத் தெளிக்கக் கூடாது, விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். பிளீச்சிங் கலந்த கிருமிநாசினி ஸ்டீலில் குழி விழவைக்கும். கண்ணாடி மேல் பூச்சாக இருக்கும் மின்முனையைத் தேங்காய் நாரால் தேய்த்தால் பூச்சே போய்விடும், பிறகு என்ன செய்தாலும் பிழைக் குறிதான். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் துடைத்தால் உப்புப் படலம் வெள்ளையாக நிற்கும், ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த துணி போதும், அப்புறம் காயவிடுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். பேட்டரி குறைந்ததும் எண் ஆடத் தொடங்கும், மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றவும். ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டிவைப்பதானால் கழற்றிவிடுங்கள், கசிந்த பேட்டரி தொடுமுனைகளைத் தின்றுவிடும்.

கடையிலேயே செய்யும் மூன்று சோதனை

ரூபாய் கொடுக்கும் முன் செருப்பைக் கழற்றி ஏறுங்கள். பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறி. கொழுப்பு அரைப் புள்ளிக்கு மேல் மாறினால் வைத்துவிடுங்கள். அடுத்து, சாக்ஸ் போட்டு ஏறுங்கள். அப்போதும் கொழுப்பு சதவீதம் வந்தால் அந்தத் தட்டு மின்சாரமே விடவில்லை என்று சந்தேகிக்கலாம்; எடையையும் உயரத்தையும் வைத்துப் போட்ட கணக்காக அது இருக்கலாம். கடைசியாக, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். எடை அரைக் கிலோ கூடாமல் பழைய எண்ணையே காட்டினால், முன்னால் வந்ததை நினைவில் வைத்துத் திரும்பக் காட்டுகிறது. அப்படியானால் முதல் சோதனையில் மூன்று தடவையும் ஒரே எண் வந்ததும் இந்த நினைவால்தான்.